சத்தமில்லாத நாற்பத்தைந்து கிலோமீட்டர்

வியாழன், காலை 9.12. கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளான் செல்லும் கொமுட்டர் ரயில் நான்கு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் என் அடுக்குமாடி வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடை பதினொரு நிமிடம். கையில் மூன்று நாளுக்கான துணிப்பை, ஒரு பொட்டலம் முறுக்கு, இரண்டு பேனா, குறிப்பேடு. கோலாலம்பூர்க்காரர்கள் யாரும் கிள்ளானுக்குப் போவதைப் பயணம் என்று சொல்ல மாட்டார்கள். நண்டு சாப்பிடப் போவார்கள், கல்யாணத்துக்குப் போவார்கள், அன்றே திரும்பிவிடுவார்கள். நான் ஒரு காருடன் மூன்று நாள் குடித்தனம் செய்து பார்க்கப் போனேன். ஆகவே இதைப் பயணம் என்றே எழுதுகிறேன்.

கார் என் பெரியம்மா மகன் ஜோசப் அண்ணனுடையது. பிளக்-இன் ஹைப்ரிட் வகை. இதைப் பயன்படுத்திப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: இதில் பெட்ரோல் என்ஜினும் உண்டு, பெரிய பேட்டரியும் உண்டு. வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரண மூன்று முனைப் பிளக்கில் செருகினால் பேட்டரி நிரம்பும். நிரம்பினால் அண்ணனின் கார் நாற்பத்தைந்து கிலோமீட்டர் மின்சாரத்திலேயே ஓடும். அது தீர்ந்ததும் என்ஜின் தானாகக் கிளம்பிக்கொள்ளும், வழியில் நிற்காது.

எனக்கு இப்படி ஒரு கார் வேண்டும் என்று இரண்டு வருடமாக ஆசை. செராஸில் ஒரு கிளினிக்கில் மருந்தகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டிலிருந்து போய்வர இருபத்து நான்கு கிலோமீட்டர். என் பழைய கார் ஆகஸ்டில் பழுதாகிப் போய்விட்டது. அன்றிலிருந்து இரண்டு ரயிலும் ஒரு நடையும். எங்கள் கட்டட நிர்வாகத்துக்குப் பதினான்கு மாதங்களில் ஏழு கடிதம் எழுதி, என் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பிளக் பொருத்த அனுமதியும் வாங்கிவிட்டேன். கார் வந்ததும் ஒயர்மேன் வர வேண்டியதுதான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் ஜோசப் அண்ணன் தன் காரை விற்கப்போவதாகச் சொன்னார். விலை ஐம்பத்தெட்டாயிரம் ரிங்கிட், எங்கள் பேச்சில் வெள்ளி. இந்த வயதுக் காருக்குச் சந்தையில் இதைவிடப் பத்தாயிரமாவது கூடுதலாகப் போகும். குறைத்துச் சொன்னதற்குக் காரணம், பேட்டரி தளர்ந்துவிட்டது என்று ஒர்க்ஷாப்பில் சொன்னதுதான். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் திங்கட்கிழமை செராஸிலிருந்து பழைய கார் வியாபாரி வந்து எடுத்துக்கொள்வார். மூன்று நாள் தங்கிப் பார்க்கச் சொன்னது அண்ணன்தான். நல்லது கெட்டது எல்லாம் தெரிந்துகொண்டு வாங்கு, அப்புறம் அண்ணன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லக்கூடாது என்றார்.

10.26. கிள்ளான் நிலையம். அண்ணன் வெளியே காருக்குள் காத்திருந்தார். வயது ஐம்பத்தேழு. புலாவ் இண்டா துறைமுகத்தில் கொள்கலன் முற்றத்து மேற்பார்வையாளர். இரவு எட்டு மணிக்கு வேலை தொடங்கினால் காலை ஏழுக்கு முடியும். கண்ணில் தூக்கம் இருந்தது, சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது.

வீடு நிலையத்திலிருந்து 4.6 கிலோமீட்டர். வழி நெடுக என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி காட்டும் இடத்தில் பூஜ்யம். அண்ணன் அதைக் கையால் மறைக்காத குறைதான்.

சில நாள் முழுதாக ஏறுகிறதாம், சில நாள் அறுபது சதவீதத்தில் நின்றுவிடுகிறதாம். ஜனவரியில் துறைமுக நண்பர் ஒருவரிடமிருந்து வாங்கியபோது பிரச்சினை இல்லை. ஏப்ரலில் தொடங்கியது. ஜூனில் ஒர்க்ஷாப்பில் ஏதோ துடைத்துச் சரிசெய்தார்கள், நன்றாக ஓடியது. செப்டம்பர் பாதியில் மறுபடியும் அதே கதை. பேட்டரியை மாற்ற இருபத்திரண்டாயிரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள்.

“காசு மிச்சமாகும்னு நான் இத வாங்கல ரீத்தா,” என்றார். அது உண்மை. நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் பெட்ரோல் விற்கும் விலைக்கு, வீட்டு மின்சாரத்தில் ஓட்டினாலும் பெட்ரோலில் ஓட்டினாலும் அவருடைய தூரத்துக்கு ஏறக்குறைய ஒரே செலவு.

“பின்ன எதுக்குண்ணே?”

சிக்னல் பச்சையாயிற்று. பிறகு சொன்னார்:

“பதினோரு மணி நேரம் கிரேன் சத்தம், லோரி சத்தம், ஹார்ன். காலையில இதுல ஏறி கதவ சாத்தினா ஒண்ணுமே கேக்காது. வீடு வந்து சேர்ற முப்பத்தஞ்சு நிமிஷம்தான் எனக்கு நல்ல நேரம். இப்ப என்னடான்னா பாதி வழியில என்ஜின் எந்திரிச்சிக்குது. தூங்குற புள்ளைய யாரோ தட்டி எழுப்புன மாதிரி இருக்கு. கேக்கவே புடிக்கல. அதான் குடுத்திடலாம்னு.”

துறைமுகத்துக்குப் போய்வர அவருக்கு நாற்பத்து நான்கு கிலோமீட்டர். பேட்டரி முழுதாக ஏறினால் சரியாக வீட்டு வாசல்வரை மௌனம்.

11.00. வீடு, ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், மாடியுள்ள வரிசை வீடு. முன்னால் கார் போர்ச், தானாகத் திறக்கும் ஆட்டோகேட். முன்னறையில் பிலோமினா அண்ணியின் தையல் மெஷின். அண்ணி ரவிக்கை தைப்பவர். துணி எடுக்க மாதம் ஒருமுறை கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்கு வருவார், வரும்போதெல்லாம் என் வீட்டில் மதியச் சாப்பாடு. முறுக்கை வாங்கிக்கொண்டு, நான் இளைத்துவிட்டதாகச் சொன்னார். இளைக்கவில்லை, 63.4 கிலோ.

இந்த வீட்டில் காருக்கும் ரவிக்கைக்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. போர்ச்சில் இருக்கும் பிளக்கும் முன்னறைப் பிளக்குகளும் ஒரே லைன். காருக்குச் சார்ஜ் ஏறும் நேரத்தில் அண்ணி இஸ்திரிப்பெட்டியைப் போட்டால் மெயின் சுவிட்ச் விழுந்து மின்சாரம் போய்விடும். அதனால் காலை முழுவதும் இஸ்திரிக்கு, பகல் பன்னிரண்டுக்கு மேல் காருக்கு. அண்ணன் காலையில் வந்து, குளித்து, பாசாருக்குப் போய் மீன், காய் வாங்கி, சாப்பிட்டு, பன்னிரண்டுக்குக் காரைச் செருகிவிட்டு மாடிக்குத் தூங்கப் போவார். ஏழு மணிக்கு எழுவார். ஏழு இருபதுக்குக் கிளம்புவார்.

12.05. செருகும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். முதலில் சுவர்ப் பிளக், பிறகு சுவிட்ச், கடைசியில் காரின் வாய். கேபிளின் நடுவில் இருக்கும் கனத்த பெட்டி தரையில் கிடக்கக்கூடாது. அதற்கென்று அண்ணி ரவிக்கைத் துணி மிச்சத்தில் ஓர் ஊதா வார் தைத்துக் கொடுத்திருக்கிறார், ஆணியில் மாட்டிவிடலாம். பத்து நிமிடம் கழித்துச் சுவர்ப் பிளக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு சரி, சூடு ஆகாது. கைபேசியிலேயே ஏறுவதைப் பார்க்க ஒரு செயலி உண்டாம். அதெல்லாம் பினாங்கில் இருக்கும் மகன் வந்தால்தான் என்றார்.

என் குறிப்பேட்டுக்கு ஒரு முறை உண்டு. இடப்பக்கம் வானிலையும் வீட்டு நடப்பும். வலப்பக்கம் அன்றைய வேலை. வலப்பக்கத்தில் எழுதினேன்: 12.05, பூஜ்யம். 3.00, நாற்பத்தாறு. 6.35, நூறு. இடப்பக்கத்தில்: கடும் வெயில், மேகமில்லை, அண்ணி இரண்டு ரவிக்கை முடித்தார்.

அக்டோபர் மாதாவின் ஜெபமாலை மாதம் ஆதலால் மாலை 6.10க்கு வீட்டில் ஜெபமாலை. ஏழு மணிக்கு அண்ணன் இறங்கி வந்து, திரையில் நூறைப் பார்த்து, என்னைப் பார்த்தார். பெண் பார்க்க வந்திருப்பது தெரிந்து கழுதை ஒழுங்காக நடந்துகொள்கிறது என்றார்.

வெள்ளி, காலை 7.50. அண்ணன் திரும்பினார். பேட்டரி மூன்று சதவீதம், என்ஜின் ஒருமுறைகூட எழவில்லை. கேட் திறக்கும் சத்தம் கேட்டது, கார் உள்ளே வந்தது கேட்கவில்லை. அவர் உடனே இறங்கவில்லை. இரண்டு நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னல் வழியே பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

காலைப் பசியாற ரொட்டிச் சானாய் கடை. ஆளுக்கு இரண்டு ரொட்டி, ஒரு தே தாரே, அதாவது நுரைக்க ஆற்றிய பால் தேநீர். மூவருக்கும் பதினாறு ரிங்கிட் நாற்பது சென். பிரிக்ஃபீல்ட்ஸைவிட மலிவு, குழம்பு கெட்டி.

12.10. மூன்று சதவீதத்தில் செருகினோம். அண்ணன் மாடிக்குப் போனார். அவர் அறை வீட்டின் பின்பக்கம், ஏர்கோன் இரைச்சலில் அங்கே உலகம் அழிந்தாலும் கேட்காது.

3.25. கிழக்கே முதல் இடி. பத்து நிமிடம் முன்புவரை பளிச்சென்றிருந்த தெரு இருண்டுவிட்டது. அண்ணி பாதித் தையலில் எழுந்தார். தையல் மெஷின், டிவி, இணையப் பெட்டி, வரிசையாகக் கழற்றினார். மூன்று வருடத்துக்கு முன் இந்தத் தெருவில் மின்னல் இறங்கி, ஆட்டோகேட் போர்டும் டிவியும் ஒரே நொடியில் கருகினவாம். அதிலிருந்து இடி கேட்டால் கை தானாகப் போகும் என்றார். இதில் வியப்பில்லை. நானும் என் வீட்டில் அதைத்தான் செய்கிறேன். நமக்குத் தெரிந்த எந்த வீட்டில் செய்வதில்லை?

“ரீத்தா, போர்ச்சு சுவிட்சையும் அடைச்சிட்டு வா லா,” என்றார். ஓடிப்போய் அடைத்துவிட்டு வந்தேன். சாரல் முதுகில் அடித்தது.

மழை ஒரு மணி இருபது நிமிடம் பெய்தது. நின்ற பிறகும் தூரத்தில் உறுமிக்கொண்டிருந்தது, முழுசாக அடங்கட்டும் என்றார் அண்ணி. பிறகு சமையல், பிறகு ஜெபமாலை. 6.40க்கு அண்ணி ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே போர்ச் வரைக்கும் போனார். இடப்பக்கத்தில் எழுதினேன்: 3.25 இடி, பிளக்குகள் கழற்றினோம். 4.50 மழை நின்றது. 6.40 எல்லாம் போட்டாயிற்று.

7.00. அண்ணன் இறங்கி வந்தார். அறுபத்தொன்று.

கோபப்படவில்லை. நேற்று உனக்காக நடித்தது, இன்று சொந்தப் புத்தியைக் காட்டிவிட்டது, இதையும் எழுதிக்கொள் என்றார். வலப்பக்கத்தில் எழுதினேன். எனக்கும் மனசு சுருங்கியது. இருபத்திரண்டாயிரம் என்ற எண் தலைக்குள் வந்து உட்கார்ந்தது. அவருக்குப் பின்னால் அண்ணி, சாப்பாட்டுப் பையை நீட்டியபடி, “பாவம், அதுக்கும் முடியல போல,” என்றார்.

சனி, காலை 7.55. அண்ணன் என்ஜின் சத்தத்தோடு வந்து சேர்ந்தார். கடைசிப் பதினேழு கிலோமீட்டர் பெட்ரோல். காரிலிருந்து உடனே இறங்கிவிட்டார். அன்றும் மறுநாளும் அவருக்கு விடுமுறை. கார் இன்று உன் பொறுப்பு என்று சாவியைக் கொடுத்தார். அன்று அண்ணிக்கு இஸ்திரி வேலை இல்லை, கல்யாண ரவிக்கைகள் முடிந்து மடித்துக் கிடந்தன. அதனால் 8.10க்கே செருகிவிட்டோம்.

11.40. ஐம்பத்தேழு சதவீதத்தில் கழற்றிக்கொண்டு, அண்ணியும் நானும் ரவிக்கைகளைக் கொடுக்க ஜெஞ்சாரோமுக்குக் கிளம்பினோம். வீட்டு வாசலிலிருந்து இருபத்து நான்கு கிலோமீட்டர், பந்திங் சாலை.

அண்ணன் சொன்னது அன்றுதான் எனக்குப் புரிந்தது. சிக்னலில் நிற்கும்போது கார் அணைந்துவிட்டதோ என்று இரண்டு முறை திரையைப் பார்த்தேன். பக்கத்து லோரியின் தார்ப்பாய் படபடப்பது கேட்டது. தெலுக் பங்ளிமா காராங் தாண்டியதும் தண்ணீரின்மேல் போவதுபோல் ஒரு வழுக்கல், ஜன்னலை இரண்டு விரல் இறக்கினால் செம்பனைத் தோட்டத்தின் ஈரவாசம். எப்போதும் பேசிக்கொண்டே வரும் அண்ணி பத்து நிமிடம் பேசவில்லை. “கோயில்ல உக்காந்த மாதிரி இருக்குல்ல,” என்றார் பிறகு.

12.22. ஜெஞ்சாரோம். மீதி நான்கு சதவீதம். கல்யாண வீட்டார் ரவிக்கைகளைப் போட்டுப் பார்க்க அண்ணியை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். நான் வெளியே மாமரத்து நிழலில் காரிலேயே இருந்தேன். கையில் வேறு வேலை இல்லாததால் மூன்று நாள் குறிப்பைப் புரட்டினேன். இரண்டு பக்கங்களையும் நான் ஒருசேரப் படிப்பதில்லை. வானிலைக்கு வானிலை, வேலைக்கு வேலை. அன்று நேரம் இருந்ததால் வரிவரியாகக் குறுக்கே படித்தேன்.

வியாழன்: மேகமில்லை. நூறு. வெள்ளி: 3.25க்குக் கழற்றி 6.40க்குப் போட்டோம். மூன்று மணி நேரம் பதினைந்து நிமிடம். அறுபத்தொன்று.

எண்கள் சரியாகப் பொருந்தின. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை. ஜூனில் மழை ஓய்ந்தது, அந்த மாதம்தான் ஒர்க்ஷாப்காரர் துடைத்தார். செப்டம்பர் பாதியில் மறுபடி மழை. பேட்டரிக்கு ஒன்றுமே இல்லை. அண்ணி கழற்றுகிறார், நானும்தான் கழற்றினேன். மாடியில் அண்ணனுக்கு இடியும் தெரியாது, மழையும் தெரியாது. அவர் எழும்போது, ஏறிக்கொண்டிருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு கேபிள் பெட்டியில் எரிந்துகொண்டிருக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு இன்னொன்று தெரிந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால், குறையே இல்லாத ஒரு கார் நாளை மதியம் ஐம்பத்தெட்டாயிரத்துக்கு என்னுடையது. பொய்கூடச் சொல்ல வேண்டாம். அவர் சொன்ன விலையை ஒப்புக்கொண்டால் போதும்.

1.05. திரும்பினோம். பேட்டரி தீர்ந்திருந்ததால் தொடக்கத்திலேயே என்ஜின் எழுந்தது. மோசமான சத்தமில்லை, எல்லாக் கார்களும் போடும் சத்தம்தான். போகும்போது கேட்காமல் இருந்துவிட்டதால் காதில் உறுத்தியது. ஜெஞ்சாரோமிலிருந்து தெலுக் பங்ளிமா காராங் வரை எட்டு கிலோமீட்டர் நான் எதுவும் சொல்லவில்லை. உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்: அந்த எட்டு கிலோமீட்டரில் நான் செராஸ் போகும் வழியையும், காலை ரயில் கூட்டத்தையும், ஏழு கடிதங்களையும் நினைத்துக்கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை காலை அண்ணன் இறங்காமல் உட்கார்ந்திருந்த இரண்டு நிமிடமும் கூடவே வந்தது.

சாலையோரம் ஒரு தேங்காய்க் கடை முன்னால் நிறுத்தி, குறிப்பேட்டை அண்ணியிடம் கொடுத்தேன். விரலால் காட்டிச் சொன்னேன்.

அண்ணி இரண்டு முறை படித்தார். முகம் வெளிறியது.

“ஆறு மாசமா அந்த மனுஷன் ‘சாவுது சாவுது’ன்னு பொலம்புறாரு. நான் பக்கத்துலயே உக்காந்து பாவம் பாத்தேன் ரீத்தா.”

“உங்க தப்பு இல்லண்ணி. இடிக்குக் கழட்டுறது சரிதானே. நானும்தான் கழட்டினேன்.”

“நீ ஒரு நாள் கழட்டின.” குறிப்பேட்டை மூடினார். பிறகு என் பக்கம் திரும்பினார். “இங்க பாரு. நீ பேசாம எடுத்திட்டுப் போயிடு. உனக்கு நல்ல காடி. அவருக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா சாகுறவரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. கோவப்பட்டாக்கூட தாங்கிக்குவேன்.”

நான் சிரிக்கவில்லை. விலையைக் கேட்டால் வாங்கத்தான் தோன்றுகிறது, ஆனால் அவர் அதை நோயாளி என்று நினைத்து விற்கிறார், அப்படி வாங்க எனக்கு வராது என்றேன். நாளை மதியம்வரை நேரம் இருக்கிறது, நீங்கள் சொன்னால் நல்லது, இல்லையென்றால் நான் சொல்லிவிடுவேன் என்றும் சொன்னேன். அண்ணி இறங்கிப்போய் இரண்டு தேங்காய் வாங்கினார். ஒன்றை எனக்கென்று தனியாகக் கட்டித்தரச் சொன்னார். கோபமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

3.50. வீட்டில் மறுபடியும் இடி. அண்ணி எழுந்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்தார். இரண்டாவது இடிக்கு மறுபடி எழுந்து எல்லாவற்றையும் கழற்றினார், போர்ச் சுவிட்ச் உட்பட. வந்து, “பயம் விட மாட்டேங்குதே,” என்றார். ஆனால் மழை நின்ற ஐந்தாவது நிமிடம், சமையலுக்கும் ஜெபமாலைக்கும் முன்னால், செருப்புகூடப் போடாமல் போய்ச் சுவிட்சைப் போட்டார். 5.15.

அன்றிரவு அண்ணனுக்கு வேலையில்லை. கார் பிளக்கிலேயே இருந்தது.

ஞாயிறு, காலை 8.00. பேட்டரி நூறு. பக்கத்துத் தெருவில்தான் கோயில், நடந்தே போனோம். பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்கு, ஃபாதரிடம் தனியாகப் பாவத்தைச் சொல்ல, ஏழு பேர் வரிசை. அண்ணி நான்காவதாக நின்றார். உள்ளே போனவர் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வெளியே வந்தார்.

12.30. மதியச் சாப்பாடு: நண்டுப் பிரட்டல், முருங்கைக்கீரை, ரசம். அண்ணன் நண்டுக்காலை உடைத்துக்கொண்டே, சரி தங்கச்சி, எடுக்கிறாயா இல்லையா, நாளைக்குச் செராஸ்காரன் வருவான் என்றார். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி ரசக் கரண்டியைக் கீழே வைத்தார்.

“பேட்டரிக்கு ஒண்ணும் இல்லங்க. மழை வந்தா நான் பிளக்க அடைச்சிடுறேன். தினமும். நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி திரும்பப் போட்டுடுவேன். எனக்கு அது தோணவே இல்ல.” மூச்சு வாங்கினார். “காலையில ஃபாதர்கிட்டச் சொன்னேன். அவரு சிரிச்சிட்டாரு. இத எங்கிட்டச் சொல்லாதம்மா, வீட்டுக்காரர்கிட்டச் சொல்லுன்னாரு.”

அண்ணன் என்னைப் பார்த்தார். குறிப்பேட்டை விரித்து வைத்தேன். கை கழுவிவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம் என்று படித்தார். பக்கத்தைத் திருப்பி சனிக்கிழமையையும் பார்த்தார்.

“ஜூன்ல அவன் எதையோ தொடச்சேன்னு நானூறு வெள்ளி வாங்கினான்.”

“ஆமாங்க.”

“மழை நின்னதுக்கு நானூறு வெள்ளி.”

எழுந்து போர்ச்சுக்குப் போனார்.  நான்கு நிமிடம். திரும்பி வந்து உட்கார்ந்து, ரசம் கேட்டார். அண்ணி ஊற்றியபோது அண்ணனின் தோள் சிரிப்பில் குலுங்கியது. அண்ணி சொன்னது பலித்துவிட்டது. சாப்பாடு முடிவதற்குள் இடிதாங்கி என்று அண்ணிக்குப் பெயரும் வைத்துவிட்டார். நண்டுக்காலால் அடிக்க ஓங்கினார் அண்ணி.

புது ஒப்பந்தம் அங்கேயே முடிவாயிற்று. காலை எட்டுக்கு அவர் வந்ததும் கார் பிளக்கில் ஏறும், மழைக்கு முன்னால் இரண்டரை மணிக்குள் நிரம்பிவிடும். அண்ணி இஸ்திரியை அவர் வருவதற்கு முன், அதிகாலை ஐந்தரைக்கே தொடங்கி முடித்துக்கொள்வார். இடி இடித்தால் எல்லாவற்றையும் தாராளமாகக் கழற்றலாம்.

பிறகுதான் அண்ணனுக்கு நினைவு வந்தது. சிரிப்பு நின்றது.

“அப்ப உனக்கு?”

வேறு பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் ஒப்பவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான், அதே விலைக்கு நீயே எடுத்துக்கொள் என்றார். இரண்டு முறை சொன்னார், இரண்டாவது முறை குரல் கொஞ்சம் இறங்கியது.

“எனக்கு வேண்டியது ஒரு காடிண்ணே. உங்களுக்கு வேண்டியது இந்தக் காடி.”

அண்ணன் தண்ணீரைக் குடித்தார். செராஸ் வியாபாரியை அழைத்து, வர வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

2.15. ரயிலில் போகிறேன் என்றதைக் கேட்கவில்லை, பிரிக்ஃபீல்ட்ஸ் வரை தானே கொண்டுவிடுவதாகக் கிளம்பினார். அண்ணி தேங்காயையும் கீரைக்கட்டையும் பின்சீட்டில் வைத்தார். அடுத்த முறை மஸ்ஜித் இந்தியா வரும்போது இடி இடித்தால் உன் வீட்டில் யார் கழற்றுவது என்று கேட்டார். இருவரும் சேர்ந்து கழற்றலாம் என்றேன்.

கூட்டரசு நெடுஞ்சாலை, முப்பத்து மூன்று கிலோமீட்டர். ஷா ஆலம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மோட்டார்சைக்கிள்காரர்கள் பாலத்தடியில் ஒதுங்கி நின்றார்கள். காருக்குள் கூரையில் விழும் மழையும் துடைப்பானும் மட்டும். அண்ணன் வானொலி போடவில்லை. ஆறு மாதமாக இந்த மழையைத் தூங்கியே தொலைத்துவிட்டேன் என்றார் ஒருமுறை. சுபாங் ஜெயா அருகே, “நீ சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது,” என்றார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, தெலுக் பங்ளிமா காராங் வரை சொல்லாமல்தான் வந்தேன் என்றேன். எட்டு கிலோமீட்டரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது பரவாயில்லை என்றார்.

3.08. என் கட்டட வாசல். திரையில் மீதி பன்னிரண்டு கிலோமீட்டர் என்று காட்டியது. மேலே வந்து தேநீர் குடியுங்கள் என்றேன். ஜெபமாலைக்கு முன் போக வேண்டும், இல்லாவிட்டால் இடிதாங்கி கோபிப்பாள் என்றார். திரும்பும் வழியில் பெரும்பகுதி என்ஜின் ஓடுமே என்றேன்.

“ஓடட்டும் லா. இன்னைக்கு ஒரு நாள்தானே.”

கார் சத்தமின்றிப் பின்வாங்கி, சத்தமின்றி வளைவில் திரும்பிப் போனது. நான் மாடிக்கு வந்து கீரையை எடுத்துவைத்தேன். பன்னிரண்டாவது மாடியில் மழை ஒரு மாதிரி கேட்கும், கிள்ளான் போர்ச்சுக் கூரையில் கேட்டதுபோல் இருக்காது. நாளைக் காலை 6.50 ரயில், செராஸ், நின்றுகொண்டுதான் போக வேண்டியிருக்கும். அதை நினைத்தபோது வருத்தமாக இல்லை, அதுவே எனக்குச் சற்று ஆச்சரியமாக இருந்தது.

மணி பார்த்தேன், 3.27. இந்நேரம் அவர் பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டிக்கொண்டிருப்பார், என்ஜின் எழுந்திருக்கும்.